உம் கொட்டாத மூன்று நாட்கள்

பேர் தெரியலையா, முனகிக் காட்டு என்று ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. மேல் வரி மலாய், நடு வரி ஆங்கிலம், கடைசி வரி தமிழ். மூன்றையும் ஒரே கைதான் எழுதியிருக்க வேண்டும். தமிழுக்கு வரும்போது இடம் போதாமல் எழுத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன, கடைசிப் பேருந்தில் ஏறியவர்கள் மாதிரி. தில்லைநாயகி அதைப் படித்தாள். படித்த மாத்திரத்தில் கண்ணை எடுத்துக்கொண்டாள், நாயைக் கண்டவள் தெருவை மாற்றிக்கொள்வதுபோல. பார்க்கவில்லை, நான் பார்க்கவே இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, 'ஜாஸ்' என்று காகிதம் ஒட்டிய மரப்பெட்டியின் முன்னால் போய் நின்று விரலால் பழைய இசைத்தட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. மழைக்காலத்துப் பீரோவைத் திறந்த வாசனை. அட்டைப் படங்களில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், புகை விடும் ஒருவர், நாற்காலியில் தனியாகக் கிடக்கும் ஒரு சாக்ஸபோன், மழையில் நனைந்த ஏதோ ஊர்த் தெரு. புரட்டப் புரட்ட அட்டைகள் சாய்ந்து விழுகிற 'தப், தப்' வலது காதில் மட்டும் விழுந்தது. இடது காதில் அந்த இரைச்சல். அடுத்த வீட்டில் யாரோ மின்விசிறியை நிறுத்த மறந்து ஊருக்குப் போய்விட்ட மாதிரி, ஓயாமல், மெலிசாக. மூன்று நாளாக அந்த வீட்டுக்காரர்கள் திரும்பவில்லை.

கோலாலம்பூரில் விமானம் இறங்கும்போது அடைத்தது அந்தக் காது. எல்லோருக்கும்தான் அடைத்தது. திருச்சியிலிருந்து கூடவே வந்த சுற்றுலாக் கூட்டத்தில் இருபத்திரண்டு பேரும் கொட்டாவி விட்டார்கள், மூக்கைப் பிடித்துக் கன்னத்தை உப்பினார்கள், புளிப்பு மிட்டாயைச் சப்பினார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவருக்காகத் திறந்துகொண்டது. அவளுக்கும் வலது காது 'டப்' என்று திறந்தது. இடது திறக்கவில்லை. சரி, ராத்திரி திறக்கும். சரி, குளித்தால் திறக்கும். சரி, வெயிலில் அலைந்தால் திறக்கும். வேறு யாராக இருந்தாலும் இப்படியே நினைத்துக்கொண்டு நாளை ஓட்டலாம். தில்லைநாயகிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பதினோரு வருஷமாக அவளுக்கு வேலையே காது பார்ப்பதுதான். ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், சுவரெல்லாம் துளைபோட்ட பலகை அடித்த சின்ன அறை. அதற்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனின் சிவப்புக் குமிழை வலது காதுக்கும் நீலக் குமிழை இடது காதுக்கும் மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவாள். கேட்டால் கை தூக்கணும், கேட்காவிட்டால் தூக்கக் கூடாது. அவ்வளவுதான் வேலை. அதனால் அவளுக்குத் தெரியும், அடைப்பில் இரண்டு வகை. ஒன்று வழி அடைப்பு: அழுக்கோ, நீரோ, காற்றோ வாசலை மறித்துக்கொண்டு நிற்கும், இன்றில்லாவிட்டால் நாளை விலகும். இன்னொன்று நரம்பு: வாசல் திறந்துதான் கிடக்கும், உள்ளே ஆள் இல்லை. இரண்டாவது என்றால் அன்றைக்கே மருந்தை ஆரம்பிக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் ஒரு கதவு சாத்திக்கொள்ளும், இரண்டு வாரம் தாண்டினால் பெரும்பாலும் போனது போனதுதான். இது எந்த வகை என்று பார்க்க மெஷின்கூட வேண்டாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். சத்தம் அடைத்த காதுக்குள் போய் நின்று ரீங்கரித்தால் வழி அடைப்பு, பயமில்லை. நல்ல காதுப் பக்கம் ஓடிவிட்டால் நரம்பு. ஒரே ஒரு 'ம்'. காசில்லை, ஊசியில்லை, சீட்டில்லை. மூன்று நாளாக அவள் அந்த 'ம்'மைச் சொல்லவில்லை.

'ம்' சொல்லாமல் மூன்று நாள் இருப்பது லேசுப்பட்ட காரியமா. சோறு தண்ணி இல்லாமல்கூட இருந்துவிடலாம். அதிலும் அவள் புருஷன் வீரபத்திரன் இருக்கிறாரே, மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவர், ஊரில் ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கியவர், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கதை வைத்திருப்பவர். கதையைச் சொல்லிக்கொண்டே வருவார், இடைவெளி விடுவார், அந்த இடைவெளியில் இவள் ஒரு 'ம்' போட வேண்டும். போட்டால் வண்டி அடுத்த ஊருக்குப் போகும். பத்து வருஷத்துப் பழக்கம். நேற்று ராத்திரி விடுதி அறையில், நாய்க்குப் பயந்து மீட்டர் பெட்டிமேல் ஏறி நின்ற கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, தூங்கிட்டியா என்றார். இல்லையே என்றாள். அப்புறம் ஏன் உம் கொட்ட மாட்டேங்குற, சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு என்றார். சொல்லுங்க, கேக்குறேன் என்றாள். 'அப்டியா', 'அட', 'சரி', 'அப்புறம்' என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். 'அப்புறம்' முடியும் இடத்தில் உதடு சேர்ந்துவிடுகிறது, அந்த 'ம்' கொஞ்சம் இழுபட்டால் தலைக்குள் எங்கேயாவது போய் நிற்குமே என்ற பயத்தில் அதை 'அப்பறோ' என்று நறுக்கினாள். ஆமாம் என்பதை ஆமா என்றாள். வேண்டாம் என்பதற்குத் தலையை ஆட்டினாள். பகலில் நடக்கும்போது அவரை எப்போதும் வலது பக்கமே இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். அவர் இடது பக்கம் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, எழுந்து, இடம் மாறிக்கொண்டாள். குகைக்கோயில் படியில் ஏறும்போது அவர் சிரித்துக்கொண்டே, ஏன் இப்படிச் செக்குமாடு மாதிரி என்னைச் சுத்திச் சுத்தி வர்ற, பத்து வருஷத்துல இல்லாத பாசமா இருக்கே என்றார். அவளும் சிரித்தாள். சிரிப்பில் 'ம்' கிடையாது.

இப்போது அவர் கீழ்த்தளத்தில் பெட்டியைக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கிற கைத்தராசு தேடிக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சுற்றுலா நடத்துகிறவர்கள் சாயங்காலம் வரை எல்லோரையும் அவிழ்த்து விட்டிருந்தார்கள். இந்த வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் பழைய இசைத்தட்டுக் கடை இருக்கிறது என்று அவள் ஊரிலேயே பார்த்து வைத்திருந்தாள், காது அடைப்பதற்கு முன்னால், அது வேறு ஒரு தில்லைநாயகி. நீ போய் உன் தட்டைப் பாரு, அரைமணியில வந்துடறேன் என்றவர், போகிற போக்கில் நகரும் படியில் நின்றபடி, அடுப்பே இல்லாத வீட்டுல மாவு அரைச்சு அரைச்சு வைக்கிறவ நீ ஒருத்திதான் என்றார். பொய்யில்லை. வீட்டில் பதினோரு தட்டுகள் இருக்கின்றன. பிளேயரின் மோட்டார் கருகி இரண்டு வருஷமாகிறது.

"யம்மா. இங்க."

தில்லைநாயகி வலப்புறம் திரும்பினாள். அங்கே ஒருவரும் இல்லை, பெட்டிகளும் சுவரும்தான். மறுபடி குரல் வந்தது, மறுபடியும் வலப்புறத்திலிருந்துதான் வந்தது, அங்கே மறுபடியும் சுவர். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல இரண்டு காது வேண்டும். ஒன்று போனவனுக்கு உலகமே ஒரு பக்கத்திலிருந்து பேசும். இதை அவள் எத்தனை பேருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாள், ரோட்டைக் கடக்கும்போது ரெண்டு பக்கமும் பார்த்துப் போங்க, சத்தத்தை நம்பாதீங்க. அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அடைப்புக்கும் இப்படித்தான், இது ஒன்றும் நிரூபணம் இல்லை என்று தனக்குத்தானே அவசரமாகச் சொல்லிக்கொண்டாள். இடது தோளை யாரோ தொட்டார்கள். துள்ளிவிட்டாள்.

"இந்தப் பக்கம் லா. பேயப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க. ஊர்லேருந்தா?"

கடைக்காரி, அந்த ஊர்க்காரர்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு. ஐம்பத்தைந்து வயசு இருக்கும், குட்டை முடி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தாள். பேர் அஞ்சலை என்று சட்டையில் குத்தியிருந்தது. தில்லைநாயகி திருச்சி என்றாள். செருப்பப் பாத்தே நெனச்சேன் என்றாள் அவள். அப்படிச் சொல்லிவிட்டு ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரித் தானே சிரித்துக்கொண்டாள். தில்லைநாயகி நகர்ந்து, கல்லாப் பக்கம் போகிற சாக்கில், வலது காது அவளுக்கு நேராக வரும்படி நின்றுகொண்டாள். என்ன தட்டு என்று கேட்டாள் அஞ்சலை. பேரு தெரியாதுக்கா என்று சொல்லி வாயை மூடும் முன்பே அது எங்கே கொண்டுபோய் விடும் என்று புரிந்துவிட்டது.

"பேரு தெரியாதா? அப்ப நல்லது. பேரு தெரிஞ்சவங்க விலை பேசத்தான் வருவாங்க. எங்க, முனகிக் காட்டு."

அந்தப் பாட்டுக்குப் பேர் இருந்ததில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டிலிருந்து யாரோ தானமாகக் கொடுத்த பழைய மெஷின் ஒன்று அங்கே இருந்தது, கூடவே ஒரு கேசட். ஒரு குரல் ஆங்கில வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும், கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும்; காவேரிக்கரையில் அதை யாரிடம் போட்டுக் காட்டுவது, அதனால் யாரும் தொட்டதில்லை. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவளே அறைக்குள் உட்கார்ந்து, குமிழ்களை மாட்டிக்கொண்டு, அதை ஓடவிட்டாள். வார்த்தைகள் தீர்ந்தன. கொஞ்சம் வெறும் இரைச்சல். பிறகு, மிச்ச நாடாவில் யாரோ, எந்த ஊரிலோ, வேலை அலுத்துப்போய்ப் பதிந்து வைத்த ஒரு சாக்ஸபோன். அந்த அறைக்குள் வெளியுலகம் கிடையாது. கதவைச் சாத்தினால் சொந்த மூச்சும் கழுத்து நரம்பும்தான் கேட்கும். அதற்குள் அது வந்தது. பின்னால் யாரோ முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி டிரம்மை மெல்லத் தேய்த்துக்கொண்டிருக்க, சாக்ஸபோன் மூன்று படி ஏறும், இரண்டு படி இறங்கும், எதையோ மறந்துவிட்ட மாதிரி நிற்கும். மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. நாலாவது முறை மூன்றைத் தாண்டி ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும்போது டக், நாடா தீர்ந்துவிடும். இறங்கியதா, மேலேயே நின்றுவிட்டதா, விழுந்ததா, தெரியாது. ஆறு மாசம் தினம் கேட்டாள். தயிர்சாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடி, அந்த டக் வரைக்கும். கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் இன்ஜினியர், காது காட்ட வந்தவர், குமிழிலிருந்து கசிந்ததைக் கேட்டுவிட்டு, இது ஜாஸ்மா, இங்க எப்படி வந்துச்சு இது என்றார். அந்தச் சொல் ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்த துப்பு. பிறகு புது மெஷின் வந்தது, கேசட் பழைய சாமானோடு போயிற்று. பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்கிற போன் செயலியிடம் ஒருமுறை முனகிக் காட்டினாள்; அது வெகுநேரம் யோசித்து ஒரு முருகன் பாட்டைக் காட்டியது. அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும், கொச்சியோ பெங்களூரோ, பழைய தட்டு விற்கிற இடத்தைத் தேடிப் போய் அட்டையைப் பார்த்து, இதற்குள் இருக்குமோ என்று ஒன்றை வாங்கி வருவாள். இருந்ததில்லை.

முனகு முனகு என்றால் எப்படி முனகுவாள். தொண்டை சரியில்லக்கா என்றாள். அஞ்சலை விடுகிற ஆளாக இல்லை. அவள் கதையை அவளே சொன்னாள், சொல்லிக்கொண்டே ஈரத்துணியால் ஒரு தட்டைத் துடைத்தாள். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளாம், பதினெட்டு வயசில் பட்டணத்து விடுதி ஒன்றில் மது பரிமாறும் கூடத்தில் கல்லா வேலைக்கு வந்தாளாம். அங்கே தினமும் ஒரு வாத்தியக் குழு வாசிக்கும். வருகிறவர்களுக்கு வேண்டிய பாட்டின் பேர் நினைவு வராது, அதிலும் இரண்டு குவளை உள்ளே போனபின் சொந்தப் பேரே வராது, அதனால் கல்லாவுக்கு வந்து அவள் காதோரம் முனகுவார்களாம், அவள் போய் குழுக்காரர்களிடம் முனகுவாளாம், அவர்கள் வாசிப்பார்களாம். இருபத்தாறு வருஷம். அப்ப எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத இங்கிலீஸ்ல எல்லாப் பாட்டும் எனக்கு அத்துப்படி என்றாள். விடுதியை இடித்தபோது மற்றவர்கள் நாற்காலி எடுத்துக்கொண்டார்கள், அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டாள். தோட்டத்தில் எல்லோரும் அவளைக் கேலி செய்தார்களாம், அஞ்சலைக்குக் காது மட்டும் வெள்ளைக்காரி காது என்று. இதை அவள் சொல்லி முடித்த இடத்தில் ஒரு 'ம்' விழ வேண்டும். தில்லைநாயகி தலையை ஆட்டினாள்.

காது. எல்லோரும் காதைப் பற்றியே பேசுகிறார்கள். அல்லது அவளுக்குத்தான் அது மட்டும் கேட்கிறது. அவளிடம் முன்பு காது காட்ட வந்த ஒரு கணக்கு வாத்தியார் நினைவு வந்தார், வரக் கூடாது வரக் கூடாது என்று மூன்று நாளாக வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தவர், இப்போது உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சிரித்துக்கொண்டே வந்த மனுஷன். தலைக்குக் குளித்தபோது தண்ணி போயிடுச்சும்மா என்றார். எத்தனை நாளாச்சு சார் என்றதற்கு ஒன்றரை மாசம் என்றார். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டாராம், பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சை நடந்ததாம். சோதனைத் தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள் மேலே வரிசையாக நின்றன. இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள் தாளின் அடிமட்டத்துக்கு இறங்கி, அதற்கும் கீழே போக இடமில்லாமல், கேட்கவே இல்லை என்று அம்புக்குறி போட வேண்டியிருந்தது. அவர் கண்ணாடி வழியாக இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்பது முதல் வருஷப் பாடம். உன் கண்ணைப் பார்த்தே அவன் கை தூக்கிவிடுவான். அவள் முகம் கழுவித் துடைத்த பலகை மாதிரி இருந்தது. ஏன் சார் அன்னைக்கே வரல என்று மட்டும் கேட்டாள். போய்டும்னு நெனச்சேன்மா என்றார். இவ்வளவு படித்த மனுஷன் இப்படிச் செய்வாரா என்று அன்றைக்குச் சாயங்காலம் வீரபத்திரனிடம் சொல்லி ஆற்றாமைப்பட்டாள். அவர் உம் கொட்டினார். படித்த மனுஷன். அவருக்கு விவரம் தெரியாது, தெரியாமல் ஒன்றரை மாசம். இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே மூன்று நாள். யார் பெரிய முட்டாள் சார்? சளியாக இருக்கும். விமானக் காற்றுதான். சொல்லிவிட்டால் வீரபத்திரன் பயணத்தை முறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார், ஆறு வருஷமாகச் சேர்த்துத் திட்டம் போட்ட பயணம், நாளை மறுநாள் ஊருக்குப் போனால் தன் அறையில் தன் மெஷினில் பார்த்துக்கொள்ளலாம். தன் அறையில். கண்ணாடிக்கு வெளியே யார் உட்கார்ந்து சத்தத்தைக் குறைப்பார்கள்? அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்துதானே பழக்கம். ஒரு காது போனவளை அந்த நாற்காலியில் வைத்திருப்பார்களா? வைத்திருப்பார்கள், பாவம் என்று. அந்தப் பாவம்.

கையால் காட்டினாள் அவள். மூன்று படி மேலே, இரண்டு படி கீழே என்று காற்றில் போட்டுக் காட்டினாள். கல்லா மேஜையில் விரலால் தாளம் தட்டினாள். முறத்தில் புடைக்கிற மாதிரி என்று உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டினாள். கோலம் போடாதம்மா, பாடு என்றாள் அஞ்சலை. இருந்தாலும் போய் ஒரு தட்டு கொண்டுவந்து ஊசியை வைத்தாள். இல்லை. இன்னொன்று. இல்லை. மூன்றாவதில் ஏறி இறங்குகிற ஒன்று இருந்தது, ஆனால் அது எக்காளம், அதுவும் ஏறுகிற அவசரத்தில் இறங்குவதை மறந்துவிட்டது. ஒவ்வொரு தட்டும் அவளுக்கு ஒரே பக்கத்தில் ஓடியது, பாதி இடித்த வீட்டை வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி. டிரம் எங்கே, பியானோ எங்கே என்று பிரியவில்லை, எல்லாம் ஒரு மூலையில் குவித்து வைத்த சாமான். கிடைத்தால்கூட இப்படித்தான் கேட்குமா? பதினோரு வருஷம் தேடி, கிடைத்து, இப்படியா? கிடைக்காமல் இருந்துவிட்டால் தேவலை என்று ஒரு நினைப்பு எலிபோல ஓடியது. கிளம்பிவிடலாம். வர்றேன்க்கா என்று சொல்லிவிட்டு நகரும் படியில் நின்றால் அது தானாகக் கொண்டுபோய்க் கீழே விட்டுவிடும், அங்கே பொரித்த வாழைப்பழ வாசனை, வீரபத்திரன், அவருடைய தராசு. காலும் திரும்பிவிட்டது.

அஞ்சலை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இவள் காற்றில் போட்ட படிகளை ஞாபகத்திலிருந்து எடுத்து, தானே மெல்ல முனகிப் பார்த்தாள். மூன்று ஏறினாள். நல்ல குரல். ஒன்று இறங்கினாள். ஒன்றே ஒன்று. நின்றாள்.

ஒன்று இல்லை. இரண்டு. ஒன்று இறங்கி நின்றால் அது வேறு பாட்டு, அது சந்தோஷமான பாட்டு. பதினோரு வருஷமாக உள்ளே ஓடிக்கொண்டிருப்பதை ஒருத்தி கண்ணெதிரே தப்பாகப் பாடினால் எந்த மனுஷியால் சும்மா இருக்க முடியும். குழந்தையின் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தால் கை தானாகப் போகாதா. இல்லக்கா என்றாள் தில்லைநாயகி, சொல்லிக்கொண்டே, யோசிக்காமல், உதட்டைச் சேர்த்து அதைச் சரியாக முனகினாள். மூன்று ஏறி, இரண்டு இறங்கி.

அப்போதுதான் தெரிந்தது தான் என்ன செய்துவிட்டோம் என்று. வாய் நிற்கவில்லை. நின்றுவிட்டால் முடிவாகிவிடும் என்பதுபோல மறுபடி ஏறினாள். தலைக்குள் அந்தச் சத்தம் எங்கே என்று பார்த்தாள், இருட்டில் குழந்தையைத் தேடுகிறவள்போல இடது பக்கம் முழுக்கத் துழாவினாள். வா, இங்கே வா, இந்த வாசலுக்கு வா. அது வலது பக்கம் நின்றிருந்தது. தெளிவாக, வட்டமாக, வண்டு குடத்துக்குள் சுற்றுகிற மாதிரி, வலது காதுக்குள். மூன்றாவது முறை இன்னும் அழுத்தி முனகினாள். வலது. நாலாவது முறை ஏறினாள், ஏறிக்கொண்டே போனாள், நாடா தீருகிற அந்த இடம் வரைக்கும் போனாள். வலது, வலது, வலது. இடது பக்கத்தில் யாரும் இல்லாத வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அஞ்சலை இரண்டு கையையும் தட்டினாள். இது கப்பக்காரன் பாட்டு லா என்றாள். மாசம் ஒருக்கா பினாங்கிலிருந்து வருவானாம் ஒரு கப்பல்காரன், வந்து இதைத்தான் கேட்பானாம், குழுக்காரர்களே இதற்குக் கப்பக்காரன் பாட்டு என்றுதான் பேர் வைத்திருந்தார்களாம். பேசிக்கொண்டே மேல் அடுக்கிலிருந்து ஒரு தட்டை உருவி, கண்ணாடியை மாட்டி, அட்டையைத் திருப்பிப் பார்த்து, ரெண்டாம் பக்கம், மூணாவது என்று சொல்லி ஊசியை வைத்தாள். நிமிர்ந்து வெற்றிச் சிரிப்போடு தில்லைநாயகியைப் பார்த்தவளின் சிரிப்பு அப்படியே நின்றது. இதுதானே, இது இல்லையா என்று கேட்டாள். தில்லைநாயகி இதுதான்க்கா என்றாள். முகம் கழுவித் துடைத்த பலகையாகத்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். இல்லைபோலிருக்கிறது.

முறத்தில் அரிசி விழ ஆரம்பித்தது. சாக்ஸபோன் மூன்று படி ஏறி இரண்டு படி இறங்கியது. நகரும் படியில் வீரபத்திரன் மேலே வந்தார், முதலில் தலை, பிறகு பூப்போட்ட சட்டை, பிறகு கையில் தூக்கிப் பிடித்த தராசு, மீன் பிடித்தவர் மாதிரி. நேராக வந்து, மூன்று நாளில் பழகிவிட்ட பழக்கத்தில், அவளுடைய வலது பக்கம் வந்து நின்றார். கெடச்சுதா, இதுவும் மாவுதானா என்றார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். பிடித்து, பம்பரக் கயிற்றை இழுக்கிற மாதிரி, தன் முன்னால் சுற்றிக் கொண்டுவந்து இடது பக்கத்தில் நிறுத்தினாள். வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். கடை போயிற்று, பாட்டு போயிற்று. என்னமாவது சொல்லுங்க என்றாள். அவர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. மீசை அசைந்தது. மறுபடி சொன்னார், இந்தத் தடவை சிரிக்காமல்.

"கேக்கல," என்றாள் தில்லைநாயகி. அவளிடம் அந்தச் சொல்லை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். "மூணு நாளா."

அவர் முகம் பயிற்சி எடுத்த முகம் இல்லை. எல்லாம் அதில் வந்தது: விமானம், செக்குமாடு, சுவர். தராசைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவள் உள்ளங்கையை எடுத்தாள். பாட்டு நாலாவது ஏற்றத்தில் இருந்தது. மூன்றைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு மூச்சு, அதோ அந்த டக், அதற்கு அப்பால் அவள் ஒருநாளும் கேட்காதது. அவள் கையைத் தூக்கினாள். கேட்டால் தூக்குகிற கை. அஞ்சலைக்கு அது நிறுத்து என்று பட்டது, ஊசியை எடுத்துவிட்டாள். எடுத்தது நல்லதுதான். மிச்சத்தை அப்புறமா வந்து கேக்குறேன்க்கா, இங்க பக்கத்துல காதுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று தில்லைநாயகி கேட்டாள். குரல் அவளுடைய வேலைக் குரலாக வந்தது. அஞ்சலை தட்டை உறையில் போட்டு, கல்லாவுக்கு அடியில் வைத்து, ஆஸ்பத்திரியின் பேரை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள். டாக்சிக்காரன்கிட்ட இதக் காட்டு என்றாள். இத யாருக்கும் குடுக்க மாட்டேன், போ.

டாக்சியில் அவர் தானாகவே இடது பக்கம் ஏறப்போய், நின்று, சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் ஏறினார். மூணு நாள்தானே என்றார். மூணு நாள் ஒண்ணும் லேட்டு இல்லதானே, நீயே சொல்லுவியே. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள்கள் ஒரு சத்தமும் இல்லாமல் இடப்புறம் வந்து கடந்து போயின, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து மீன்கள்போல. இந்த மாதிரி நேரத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், பேச ஆரம்பித்தார். நேத்து பாதியில நிறுத்தின கதை பாக்கி இருக்குல்ல என்றார். மீட்டர் பெட்டிமேல ஏறி நிக்குறேனா, கீழ நாய். வீட்டுக்காரம்மா வந்து, சார் எறங்குங்க அது கடிக்காது அப்படிங்குது. சொல்லிவிட்டு வழக்கமான இடத்தில் இடைவெளி விட்டார். அவளைப் பார்க்காமல், முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு, காத்திருந்தார்.

"ம்," என்றாள் அவள்.

அது வலது பக்கம் போய் விழுந்தது. நாய் என்ன சொல்லுது தெரியுமா என்றார் அவர். ம். அதுவும் வலது பக்கம். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது, கிளம்பியது. அவர் சொல்லிக்கொண்டே வந்தார், அவள் கொட்டிக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் கொஞ்சம் கவனித்துக்கொண்டு.